ராசியில்லாதவளுக்கு ரோஜா கொடுத்த கிட் ஃப்ளாஷ்

கார்ட்டூன் தொடர்களில் ஓரிரு எபிசோடுக்கு மட்டும் விருந்தாளியாக வந்துபோன சூப்பர் ஹீரோக்களில் யாரைப் பிடிக்கும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு, டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர் ஹீரோக்கள் கூட்டத்தின் கதையான டீன் டைட்டன்ஸ் கார்ட்டூனில் வந்த கிட் ஃப்ளாஷ்தான், மின்னல் வேகத்தில் ஓடுகிற பையன். ஐந்தாவது சீசனில் ‘லைட்ஸ்பீட்’ என்ற எபிசோடு, 2005இல் வந்தது. நான் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டில், கோடை விடுமுறையில்.

அந்த வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும் கலந்து. பாலக்காடு ஜில்லாவிலேயே மழை குறைந்த பக்கம் அது. பெரியம்மா மகள் பிறந்த வருஷம் கிணறு வற்றிப்போனது. அதிலிருந்து அக்காவுக்கு ‘ராசியில்லாதவள்’ என்று பேர். விடியற்காலையில் தாத்தா தக்காளிக் கூடைகளை டெம்போவில் ஏற்றி வேலந்தாவளம் சந்தைக்குக் கிளம்பும்போது, “உள்ள போ புள்ள, எதுக்க வராத” என்று பாட்டி சொல்வார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, டெம்போ சத்தம் தேய்ந்த பிறகுதான் வாசலுக்கு வருவாள். தினமும் பார்த்தேன், ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சரி, எபிசோடுக்கு வருகிறேன். கதை டைட்டன்ஸ் பக்கம் நின்று சொல்லப்படவில்லை. ஹைவ் ஃபைவ் என்ற திருட்டுக் கூட்டத்தின் பக்கம் நின்று, முக்கியமாக அதன் தலைவி ஜின்க்ஸின் கண் வழியாக நகர்கிறது. அவள் சக்தியே துரதிர்ஷ்டம்தான். கையை வீசினால் எதிரில் இருப்பது உடையும், சரியும். அவர்கள் திருடப் போகும் இடத்தில் மஞ்சள் சிவப்பு உடுப்பில் ஒருவன் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறான்.

காமிக்ஸில் 1959இல் அறிமுகமானபோது கிட் ஃப்ளாஷ், ஃப்ளாஷ் என்ற பெரிய வேக வீரருக்குச் சிஷ்யப்பிள்ளை. அவரைப் போலவே மின்னலும் ரசாயனமும் பட்டு வேகம் பெற்ற பையன். இந்தக் கார்ட்டூனில் அந்த குரு உடன் வரவில்லை. தனியாக வருகிறான். ஜஸ்டிஸ் லீக் என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரில் ஃப்ளாஷுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் ரோசன்பாம்தான் இவனுக்கும் குரல். அந்தக் குறும்பு அப்படியே இருக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. இவ்வளவு வேகமாக ஓடுகிறவனுக்குத்தான் அந்தக் கதையில் எல்லோரையும்விட அதிக நேரம் இருக்கிறது. மற்றவர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்க, இவன் நின்று ஜின்க்ஸிடம் பேச்சுக் கொடுக்கிறான். இதைவிட நல்லதாக உன்னால் இருக்க முடியும் என்கிறான். ஒரு ரோஜாவை விட்டுவிட்டுப் போகிறான். வேகத்தைப் பந்தயத்துக்குச் செலவழிக்காமல், யாரும் நின்று பேசாத ஒருத்தியிடம் நிற்பதற்குச் செலவழிக்க வைத்தார்களே, அதைத்தான் எழுதியவர்களின் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

ஜின்க்ஸ் தெய்வமாக நினைத்த மேடம் ரூஜ் என்ற பெரிய வில்லி வந்து அவளைத் துச்சமாக நடத்துகிற இடத்தில் அக்கா தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். முடிந்ததும், “அவளுக்கு ராசியில்லைன்னு அவனுக்குத் தெரியாதாடா?” என்றாள். “தெரியும்க்கா, தெரிஞ்சுதான் வந்தான்” என்றேன். மறுபடி அந்த ரோஜா இடத்தைப் போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

காமிக்ஸில் ஜின்க்ஸ் இந்தியாவிலிருந்து வந்த மந்திரக்காரி என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியவந்தது. கார்ட்டூனில் இளஞ்சிவப்பு முடியும் சாம்பல் நிறமுமாக மாற்றிவிட்டார்கள், அதனால் கண்டுபிடிக்க வழியே இல்லை. போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பி, “நம்ம பக்கத்துப் புள்ளயா அவ?” என்று கேட்டு, மகளைக் கூப்பிட்டு என் செல்போனை அவள் கையில் கொடுத்தாள். “மாமாகிட்ட அந்த ரோஜாக்காரனைப் போடச் சொல்லு.”