புதுப்பிப்பு: பெடலுக்கு முன்னால் கம்பி

மேடையில் என் பேஸ் கிட்டார் ஒலி டிரம்ஸுக்குள் அமுங்கிப்போகிறது, பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி) வாங்கவா கம்பி மாற்றவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கம்பியைத்தான் மாற்றினேன்: ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான, வழுவழுப்பான கம்பி), தடிமன் 45-105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்). விரல் நகரும்போது வரும் கீச்சொலி போயே போச்சு. ஆனால் பழைய ரவுண்ட்வவுண்டைவிட (மேல்சுற்று உருண்டையானது) இழுவிசை கூடுதல். மறுநாள் பார்த்தால் கழுத்து முன்பக்கம் வளைந்து, 12ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) கம்பி எம்பி நிற்கிறது! கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு ராத்திரி விட்டேன், சரியானது.

அமுங்கல் மட்டும் அப்படியே இருந்தது. ஆம்பில் மிட்ஸை (நடு அலைவரிசை ஒலிகளை) குறைத்து வைத்திருந்தது நான்தான். அதை ஏற்றச் சொன்னவருக்கு நன்றி, அடுத்த நிகழ்ச்சியிலேயே டிரம்மர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல். கிளீன் பிளெண்ட் (மாற்றாத அசல் ஒலியையும் கலந்து தரும் வசதி) இல்லாத என் பெடலை மிதித்தால் அடித்தொனி காணாமல் போகிறது. பிளெண்ட் உள்ள ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன். திருப்பித் தர மனமில்லை.