குட்டி கேமிங் பிசி: முடிவெடுத்தாச்சு

2017-இல் கட்டிய மினி ஐடிஎக்ஸ் (சின்ன அளவு போர்டு) பிசியை மேம்படுத்தலாமா, மொத்தமாகத் தூக்கிவிடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, கோர் ஐ7 7700 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தீர்கள்.

ப்ராசஸரை மட்டும் மாற்றச் சொன்னவர்களுக்கு: அது நடக்காது. 7700-க்கு அடுத்த 8-ஆம் தலைமுறையும் அதே எல்ஜிஏ 1151 சாக்கெட்தான், ஆனால் என் பி250 போர்டில் ஓடாது, இன்டெல் அப்படிப் பிரித்துவிட்டது. விண்டோஸ் 11-உம் 7700-ஐ ஏற்பதில்லை, அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இருந்தும்.

கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட், என் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தாராளமாகத் தாங்கும். ஆனால் அது எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) மட்டுமே உள்ள கார்டு, என் போர்டில் இருப்பது வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட், போதாததற்கு நாலு கோர் ப்ராசஸர் புது கேம்களில் இப்போதே மூச்சு வாங்குகிறது.

அதனால் பி550 ஐடிஎக்ஸ் போர்டும் ரைசன் 5 5600 ப்ராசஸரும் வாங்கிவிட்டேன். டிடிஆர்5 விற்கிற விலைக்குப் பழைய டிடிஆர்4 ரேமே இதில் அப்படியே உட்காருவது பெரிய விஷயம். பயந்தது கூலருக்குத்தான்: ஸ்கேல் வைத்து அளந்தால் கேபினெட்டில் 57 மி.மீ. இடம், ப்ராசஸர் கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ. உயரம். அதன் மேலே போன எஸ்எம்பிஎஸ் ஒயரை ஓரமாக மடித்து டேக் போட்ட பிறகுதான் ஃபேன் உரசாமல் சுற்றியது.

1060 இப்போதைக்கு இருக்கட்டும், 1080பி-க்குப் போதும். பழைய போர்டும் 7700-உம் சும்மா கிடக்கிறது, லினக்ஸ் போட்டு ஓட்ட யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.