ட்ரான்ஸ்மான்ல மூணாவது லெவலுக்கு பாப்புலேஷன் ஓடுது, எப்படி அடக்குறது?

நீடாமங்கலம்காரி:
எம்எஸ்சி பிசிக்ஸ் ப்ராஜெக்டுக்கு ட்ரான்ஸ்மான் (சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்ல செய்யிற க்யூபிட்) ஒண்ணை கியூடிப்ங்கிற பைத்தான் லைப்ரரில சிமுலேட் பண்றேன். 0-1 ஃப்ரீக்வென்சி 5 கிகாஹெர்ட்ஸ், ஆன்ஹார்மோனிசிட்டி, அதாவது 1-2 ஃப்ரீக்வென்சி அதுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறது, மைனஸ் 250 மெகாஹெர்ட்ஸ். கௌசியன் பை பல்ஸ் (0-வ முழுசா 1-க்குத் திருப்புற மணி வடிவ பல்ஸ்) 20 நானோசெகண்ட் கொடுத்தா ஒழுங்கா 1-க்கு போகுது, அதையே சிக்மா (பல்ஸோட அகல அளவு) 1 நானோசெகண்ட் வச்சு 4 நானோசெகண்டா சுருக்கினா 2-ங்கிற மூணாவது லெவல்ல கொஞ்சம் பாப்புலேஷன் போய் உக்காந்துக்குது. அந்த லெவல நான் தொடவே இல்லையே, ஏன்? பல்ஸை மெதுவா கொடுன்னு கைடு சொல்றார், ஆனா மெதுவா போனா டீகோஹிரன்ஸ் (குவாண்டம் நிலை தானா கலைஞ்சு போறது) தின்னுடும்ல. இல்ல அந்த 2-வையும் சேத்து மூணு லெவல் க்யூட்ரிட்டா வச்சுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை_கும்பேஸ்வரம்:
நீங்க 5 கிகாஹெர்ட்ஸ்ல ட்யூன் பண்ணாலும் பல்ஸ் அந்த ஒரு ஃப்ரீக்வென்சில மட்டும் நிக்காதுங்க. நாதஸ்வரம் இழுத்துப் பிடிச்சா சுருதி பளிச்சுனு தெரியும், தவில்ல ஒரே ஒரு அடி விழுந்தா என்ன சுருதின்னு சொல்றது கஷ்டம், அதே கதைதான். சிக்மா 1 நானோசெகண்ட்னா ஃப்ரீக்வென்சி அகலம் சுமார் 160 மெகாஹெர்ட்ஸ், அதுக்கு மேல பை சுழற்சிய அவ்வளவு நேரத்துல முடிக்க ட்ரைவோட உச்ச பலமே 200 மெகாஹெர்ட்ஸ் கிட்ட வருது, 250-ங்கிற இடைவெளி எப்படி தாங்கும்? இதுக்குத்தான் 2009-ல மோட்சோய், காம்பெட்டா, ரெபன்ட்ராஸ்ட், வில்ஹெல்ம் நாலு பேரும் இந்த லீக்கேஜை (2-க்கு ஒழுகுறதை) அடக்குற டிராக் பல்ஸ் சொன்னாங்க. ட்ரைவோட எக்ஸ் பக்கம் உங்க கௌசியன், 90 டிகிரி ஃபேஸ் தள்ளின ஒய் பக்கம் அதோட டெரிவேட்டிவை ஆன்ஹார்மோனிசிட்டியால வகுத்து மைனஸ் போட்டு சேருங்க. குறி கன்வென்ஷனைப் பொறுத்து மாறும், தப்பான குறி போட்டா லீக்கேஜ் கூடிடும், அதனால ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுங்க.

கொள்ளிடக்கரை:
மேல அண்ணன் சொன்னது சரி, அதோட இதையும் பாரு தங்கச்சி. கௌசியனை ரெண்டு சிக்மால வெட்டினா ஓரத்துல ஒரு படி நிக்கும், அதுவே லீக்கேஜ் கொடுக்கும், ஆஃப்செட்டை கழிச்சு பல்ஸ் பூஜ்யத்துல ஆரம்பிச்சு பூஜ்யத்துல முடியிற மாதிரி வை. சிமுலேஷன்ல மூணு லெவலோட நிறுத்தாம அஞ்சு லெவலாவது வை, இல்லன்னா மேல ஓடுறது கண்ணுக்கே தெரியாது. லீக்கேஜ் குறைய முழு டெரிவேட்டிவ் வேணும், ஃபேஸ் பிழை குறைய அதுல பாதி போதும், ரெண்டும் ஒண்ணா வேணும்னா முழுசா போட்டு ட்ரைவ் ஃப்ரீக்வென்சிய கொஞ்சம் தள்ளி வச்சு டீட்யூன் பண்ணணும். ஆனா 4 நானோசெகண்ட்ல டிராக் மட்டும் போதாது, 10-க்கு மேல போனா நல்லா வேலை செய்யும். 4-தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா டிராக்ல ஆரம்பிச்சு கிரேப் (பல்ஸ் வடிவத்தையே படிப்படியா திருத்துற முறை) ஆப்டிமைசேஷன் ஓட்டு.

திருவாரூர்_தெப்பம்:
க்யூட்ரிட் தாராளமா பண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. 1-2 ட்ரான்சிஷன் 4.75 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும், அங்க ஒரு தனி டோன் கொடுக்கணும், மேட்ரிக்ஸ் எலிமெண்ட் (ட்ரைவ் அந்த ட்ரான்சிஷனை எவ்வளவு பலமா பிடிக்குதுங்கறது) ரூட் 2 மடங்கு பெருசுங்கறதால பை பல்ஸுக்கு ஆம்ப்ளிட்யூட் அந்த அளவுக்கு குறைவா போதும். ரெண்டு க்யூட்ரிட் சேந்தா 9 நிலை, ரெண்டு க்யூபிட்ல 4-தானே. விலை என்னன்னா 2-ங்கிற லெவல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா இறங்கும், சார்ஜ் நாய்ஸும் அங்க அதிகமா உறைக்கும். க்யூபிட்டா பிடிச்சு வச்ச அயான்ல இந்த தொல்லை குறைவு, 2022-ல இன்ஸ்ப்ரூக் குழு கால்சியம் அயான்ல ஏழு லெவல் வரைக்கும் க்யூடிட்டா (ரெண்டுக்கு மேல லெவல் உள்ளது) ஓட்டிக் காட்டிட்டாங்க. நீங்க முதல்ல 0-1 பல்ஸ்ல லீக்கேஜை அடக்குங்க, அது சரியாகாம 1-2-வ கேலிப்ரேட் பண்ணா எந்த பாப்புலேஷன் எங்கேருந்து வந்துச்சுன்னே பிரிக்க முடியாது.