ஸ்டேடியத்தில் விற்கும் பீர்: டிராஃப்ட்டா, கேனா? கொடுக்கிற காசுக்கு எது தேறும்?

கடைசி_பெஞ்ச் கேட்டது:

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் பீர் வாங்குவது பற்றி விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று சந்தேகம். அதே பிராண்ட் வெளியே பாரில் நன்றாக இருக்கிறது, ஸ்டேடியத்தில் டிராஃப்ட் (குழாயில் பிடித்துத் தருவது) வாங்கினால் சப்பென்று இருக்கிறது; தண்ணி கலக்கிறார்களா? அடுத்து, 12 அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 30 மில்லி), 16 அவுன்ஸ், 20 அவுன்ஸ், 25 அவுன்ஸ் கேன் என்று பலகை நிறைய விலை எழுதியிருக்கிறது, எதை வாங்கினால் நஷ்டம் குறைவு? கடைசியாக, மதிய ஆட்டத்தில் பாதி கப் காலியாவதற்குள் ஒரு மாதிரி வாடை அடிக்கிறதே, ஏன்? "அங்கே போய் ஏன் குடிக்கணும்" என்ற அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

குழாய்க்காரன்:

தண்ணி கலப்பு இல்லை. கெக் என்பது வால்வு வைத்து அழுத்தத்தோடு மூடி வருகிற உருளை. அதைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கிற வாயு போய் மொத்த பீரும் செத்துவிடும். அந்த வேலைக்கு ஆகிற கூலிக்கு லாபமும் நிற்காது. அதிகம் விற்கிற லைட் வகைகளில் ஆல்கஹால் பிறப்பிலேயே 4.2% தான். அதையும் நாக்கு மரத்துப்போகிற குளிரில் கொடுத்தால் ருசி தெரியாது.

உண்மையான கோளாறு குழாயில். சின்ன பாரில் கெக் கவுன்டருக்கு அடியிலேயே இருக்கும். ஸ்டேடியத்தில் கெக்கெல்லாம் ஒரே குளிர் அறையில் இருக்கும். அங்கிருந்து காப்பு சுற்றிய குழாய்க் கட்டு ஒன்று கவுன்டர் வரை ஓடும், கூடவே குளிரூட்டிய கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) ஓடுகிற குழாயும் போகும். 3/8 அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 70 மில்லி பிடிக்கும். 30 மீட்டர் என்றால் 2 லிட்டருக்கு மேல், அதாவது 16 அவுன்ஸ் கப்பில் நாலரை கப் பீர் எப்போதும் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. அணி வெளியூர் ஆட்டங்களுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், அந்த நாலரை கப்பும் ஒரு வாரம் பிளாஸ்டிக் குழாயில் ஊறியது. ஒழுங்கான இடத்தில் அதைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் கடை திறப்பார்கள். ஒழுங்கில்லாத இடத்தில் முதலில் வருகிற நாலு பேர் தலையில் விழும்.

அடுத்தது வாயு. பீர் 3.3 டிகிரியில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு 11, 12 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும். ஆனால் அந்த அழுத்தத்தில் பீர் 30 மீட்டர் ஓடி, மேல் மாடியும் ஏறாது. அழுத்தத்தைக் கூட்டினால் வாயு அளவுக்கு மீறிக் கரைந்து, குழாயைத் திறந்ததும் வெறும் நுரை. அதனால் நைட்ரஜன் கலந்த வாயுவால் தள்ளுகிறார்கள். அந்தக் கலவையில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் நாளாக நாளாகப் பீர் சுரத்தில்லாமல் போகும். நிமிடத்துக்கு நிமிடம் விற்று ஓடுகிற சாதாரண லாகர் பீரில் இது தெரியாது. யாரும் கேட்காத ஏழாவது குழாயில் இருக்கிற கிராஃப்ட் பீரில் (சின்ன ஆலைத் தயாரிப்பு) தெரியும்.

சுத்தம்: குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை 2% காஸ்டிக் கரைசலைப் பம்ப் வைத்துக் குறைந்தது 15 நிமிடம் சுற்றவிட்டுக் கழுவ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலத்தால் கழுவினால்தான் உள்ளே படிகிற பீர் கல் கரையும். குழாய் முனையைக் கழற்றித் தேய்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெண்ணெய் வாடை, பாப்கார்ன் வாடை, காடி மாதிரிப் புளிப்பு வந்தால் குழாய் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சக்கர வண்டிக் கடைகளில் வேறு தொல்லை. கெக் ஐஸ் தொட்டியில் நிற்கும். ஐஸ் உருகி இறங்க இறங்க அடிப்பக்கம் மட்டும் சில்லென்று இருக்கும், மேல்பாகம் சூடேறும். விற்பவர் பாதி நுரையை வழித்துக் கொட்டுவதைப் பார்த்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:

விலை விஷயத்துக்கு வரேன். பலகையில இருக்கிற விலையை அவுன்ஸால வகுத்துப் பாருங்க, அவ்வளவுதான். உதாரணத்துக்கு 12 அவுன்ஸ் 9 டாலர், 16 அவுன்ஸ் 11 டாலர், 25 அவுன்ஸ் கேன் 15 டாலர்னு வெச்சுக்குவோம். அவுன்ஸுக்கு 75, 69, 60 சென்ட். கேன்ல இன்னொரு லாபம், அளவு ஆலையிலேயே போட்டு வந்தது. ஊத்துறவர் கை எப்படியோ அப்படிங்கிற பேச்சே இல்ல.

கப்ல ஏமாறுற இடம் மேல்பக்கம். 20 அவுன்ஸ் கப்போட வாய் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் அகலம். மேலே ஒரு அங்குலம் காலியா விட்டா 150 மில்லிக்கு மேல போச்சு, மொத்தத்துல கால்வாசி. அப்ப அது பேருக்குத்தான் 20, உள்ளே இருக்கிறது 15. 2014ல ஐடஹோ மாநிலம் பாய்சியில ஒரு ஐஸ் ஹாக்கி அரங்குல 7 டாலர் கப்ல இருந்த பீரை 4 டாலர் கப்ல ஊத்தினா அப்படியே அடங்குதுன்னு வீடியோ வந்து, வழக்கு வரைக்கும் போச்சு. நுரை ஒரு விரல் அளவு இருக்கலாம், இருக்கணும்கூட. அதுக்கு மேல போனா "கொஞ்சம் நிரப்புங்க"ன்னு கவுன்டர்லயே கேளுங்க. சீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா யாரும் காது குடுக்க மாட்டாங்க.

கடைக்காரர் பக்கமும் சொல்லிடறேன். அரை பேரல் கெக்ல 1,984 அவுன்ஸ், அதாவது 16 அவுன்ஸ் கப் 124. நுரை, சிந்தல், குழாய் கழுவறதுன்னு 20% போனாலும் 99 கப் தேறும். கெக் 150 டாலர்னு பிடிச்சா ஒரு கப் பீரோட அடக்கம் ஒன்றரை டாலர். மிச்சம் கப், கூலி, வரி, அப்புறம் உணவுக் கம்பெனி கிளப்புக்குக் கட்டுற பங்கு. இந்தக் கடைசி ஐட்டம்தான் பெரிசு. விலையைக் குறைக்கவே முடியாதுன்னு சொல்றவங்க அட்லாண்டாவைப் பாக்கணும். அங்க 2017ல திறந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்துல பீர் 5 டாலர்னு ஆரம்பிச்சாங்க. பழைய ஸ்டேடியத்தை விடப் பாதி விலை வெச்சும் ஃபால்கன்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் அணியோட ஆட்டங்கள்ல ஒரு தலைக்கு ஆன செலவு 16% கூடுச்சு.

இன்னொண்ணு. 25 அவுன்ஸ் 4.2% கேன்ல இருக்கிற ஆல்கஹாலும் 16 அவுன்ஸ் 6.8% ஐபிஏல (கசப்பும் மணமும் தூக்கலான பீர் வகை) இருக்கிற ஆல்கஹாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆல்கஹாலை அளக்கிற அமெரிக்கக் கணக்குல ரெண்டுமே சுமார் ஒண்ணே முக்கால் டிரிங்க். வண்டி ஓட்டுறவங்க "ஒண்ணுதானே குடிச்சேன்"னு நினைச்சா தப்பு.

நுரைமேகம்:

வாடைக்குக் காரணம் வெயில். பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூவில் இருக்கிற கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டு உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த ஒரு கந்தகச் சேர்மத்தைக் கொடுக்கும். தெளிவான பிளாஸ்டிக் கப்பில், நேர் வெயிலில் சில நிமிடம் போதும். நிழலில் பிடித்தாலும் மெதுவாக நடக்கும், ஆனால் ஆட்டம் முடிகிற வரை தாங்கும். மதிய ஆட்டத்தில் கேனிலேயே குடியுங்கள், கப்பில் மாற்றாதீர்கள். சில மைதானங்களில் கேனைத் திறந்து கப்பில் ஊற்றித்தான் தருவார்கள். அங்கே அலுமினிய கப் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மில்லர் ஹை லைஃப் இதற்கு விதிவிலக்கு. வெளிச்சத்துக்கு உடையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாறு சேர்ப்பதால்தான் அதைத் தெளிவான பாட்டிலிலேயே விற்கிறார்கள்.

கேனின் அடியில் பெரும்பாலும் அடைத்த தேதி அச்சிட்டிருக்கும். ஐபிஏ என்றால் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஹாப்ஸ் மணம் போய் வெறும் கசப்பு மிஞ்சும்.

மூணாவது_ஸ்லிப்:

கப்புக்கு அடியிலேர்ந்து பீர் நிரம்புற மெஷின் பார்த்திருப்பீங்க. கப்போட அடித்தட்டுல ஒரு ஓட்டை, அது மேல வட்டக் காந்தம். முனையில வெச்சு அழுத்தினா காந்தம் மேல தூக்கி வழி விடும், எடுத்ததும் ஒட்டிக்கும். நுரை குறைவு, நிரம்புற அளவும் மெஷினே பார்த்துக்கும். லண்டன்ல 2019ல திறந்த டாட்டன்ஹம் ஸ்டேடியத்துல இதுதான் ஓடுது. காந்தத்தை விரலால நோண்டாதீங்க, மடியில கொட்டும்.

அளவு விஷயத்துல இங்கிலாந்து கறார். பைண்ட்னா 568 மில்லி, பிளாஸ்டிக் கப்லயும் அளவு முத்திரை இருக்கணும். ஆனா 1985ல வந்த சட்டத்தால ஃபுட்பால் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியிற இடத்துல குடிக்க முடியாது. பாதி நேர இடைவேளையில 15 நிமிஷத்துக்குள்ள எல்லாரும் கீழே முட்டி மோதுவாங்க. கிரிக்கெட்டுக்கு இந்தத் தடை இல்ல. ஜெர்மனியில கப்ல அளவுக்கோடு இருக்கும், நுரை கோட்டுக்கு மேல இருக்கணும். கப்புக்குத் தனியா டெபாசிட் வாங்குவாங்க, திருப்பிக் குடுத்தா காசு வரும். அதைச் சேர்த்துப் பார்த்து விலை ஜாஸ்தின்னு பதறாதீங்க.

கடைசி_பெஞ்ச்:

அருமை. அப்போ டிராஃப்ட் வாங்கவே கூடாதா? கடைசி விற்பனை எந்த இன்னிங்ஸ் வரை?

குழாய்க்காரன்:

வாங்கலாம். வாசல் திறந்ததும் வாங்காமல் ரெண்டாவது இன்னிங்ஸ் வாக்கில், நிலையான கவுன்டரில், அதிகம் ஓடுகிற பிராண்டைக் கேளுங்கள். அப்போது குழாயில் நிற்பது புது பீர். விற்பவர் குழாய் முனையை கப்பில் இருக்கிற பீருக்குள் முக்கி ஊற்றினால் அது அழுக்குப் பழக்கம், அந்தக் கடை வேண்டாம். முதல் வாய் புளித்தாலோ வெண்ணெய் வாடை அடித்தாலோ உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள், "லைன் வாடை வருது" என்றால் அவர்களுக்குப் புரியும்.

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; விற்பனை வழக்கமாக ஏழாவதோடு நின்றுவிடும். 2023ல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேர வரம்பு வைக்கும் கடிகாரம்) வந்து ஆட்டம் சுருங்கியதும் மில்வாக்கி, மினசோட்டா, டெக்சஸ், அரிசோனா அணிகள் எட்டாவது வரை நீட்டின. ஊருக்கு ஊர் மாறும், உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.