புதுப்பிப்பு: பாசிக்காட்டில் வெளிச்சமும் நிழலும்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டிலிருந்து மறுபடியும் நான்தான். பிரிஞ்சாங் மலைப் பாசிக்காட்டில் படமெடுத்தால் இலை இடுக்கில் வானம் வெளுத்துப்போகிறது, அடிமரம் கரியாகிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வெயிலை விட்டுவிட்டு மூடுபனியில் போகச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அருமையான யோசனை!

மலையுச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேலே. மேகம் காட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். ஒளி எல்லாப் பக்கமும் பரவுவதால் பாசியின் இழை இழையாகத் தெரிகிறது. லென்ஸ் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பினேன். நனைந்த இலை மேலிருந்த வெள்ளைப் பளபளப்பு விலகி, உள்ளிருந்த பச்சை வெளியே வந்தது. அது ஒளியையும் குறைக்கும், ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும், அதனால் கேமராவை நிறுத்த முக்காலி கட்டாயம். மரப்பாதையில் யாராவது நடந்தால் அதிரும், அவர்கள் கடக்கும்வரை பொறுங்கள்.

அமெரிக்காவின் ஹோ மழைக்காட்டுப் படங்கள்தான் எனக்கு இந்த ஆசையைக் கொடுத்தவை. அது மிதவெப்பப் பகுதி, சூரியன் சாய்ந்தே வரும், நிழல் நீளும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு உச்சிவெயில் தலைக்கு நேரே. நீண்ட நிழல் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும்.

அப்புறம், கைப்பேசி போதுமா என்று கேட்ட தம்பிக்கு: போதும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, ஒளி அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். நிழலைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கலாம், வெளுத்துப்போனது திரும்பாது.