உச்ச ஓத நேரத்திலும் ஸ்கூகும்சக் ஏன் நிற்கவில்லை?

கரைநடை:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை கனடாவின் வான்கூவரிலிருந்து படகேறி சன்ஷைன் கோஸ்ட் போய், எக்மாண்டில் வண்டியை விட்டுவிட்டு, தேவதாரு காட்டுக்குள் 4 கிலோமீட்டர் நடந்து ஸ்கூகும்சக் நீரிணையைப் பார்த்தோம், நானும் என் பத்து வயது மகனும். இரண்டு நாளாகத் தூக்கத்திலும் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. கடல் தெரிவதற்கு முன்பே காட்டுக்குள் ஒரு இரைச்சல் வந்தது, பக்கத்தில் நெடுஞ்சாலை இருக்கிறதோ என்று நினைத்தேன். பாறை முனைக்கு வந்து பார்த்தால், கடல் ஆறாகி ஓடுகிறது. கரையோரத்தில் தண்ணீர் பின்னோக்கிப் போகிறது, நடுவில் முன்னோக்கிப் பாய்கிறது, இரண்டுக்கும் இடையில் சுழிகள் பிறந்து கொஞ்ச தூரம் போய் மறைகின்றன. ஒரு பெரிய மரக்கட்டை அதில் செங்குத்தாக நின்று உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன், அது எங்கே வெளியே வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

என் சந்தேகம் இதுதான். போவதற்கு முன் ஓத அட்டவணை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல் பார்த்தேன், உச்ச ஓதம் 11.45-க்கு என்று இருந்தது. உச்சத்திலும் தாழ்விலும் தண்ணீர் நின்று திரும்பும் என்றுதான் பள்ளியில் படித்தது, அதனால் மகனுக்கு அது நிற்கும் கணத்தைக் காட்டலாம் என்று சரியாக அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். நிற்கவே இல்லை. 12 மணி ஆயிற்று, 12.30 ஆயிற்று, உள்பக்கமாகப் பாய்ந்துகொண்டே இருந்தது. திரும்ப எக்மாண்ட் துறைக்கு வந்தால் அங்கே தூண்களில் ஈரக்கோடு தெரிகிறது, அதாவது வெளியே கடல் இறங்க ஆரம்பித்துவிட்டது! வெளியே கடல் இறங்கும்போது உள்ளே எப்படித் தண்ணீர் ஏறும்? அட்டவணை தவறா, நான் பார்த்தது தவறா? மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓதக்கணக்கு:

அட்டவணையும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. பள்ளியில் சொன்ன விதி எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது, இப்படிக் கழுத்து இறுகிய கடலுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

கண்மாய் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூகும்சக்குக்கு உள்ளே சீஷெல்ட், சால்மன், நாரோஸ் என்று மூன்று நீண்ட கடற்கைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் வாய் ஒன்றுதான், நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த இடம். வெளியே கடல் 3 மீட்டர் ஏறுகிறது என்றால் உள்ளேயும் அதே அளவு ஏற எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ, அவ்வளவும் ஆறு மணி நேரத்தில் அந்த வாயில் நுழைய முடியாது. அதனால் உள்மட்டம் எப்போதும் பின்தங்கித் துரத்திக்கொண்டே இருக்கிறது. வெளியே உச்சம் வந்த 11.45-க்கு உள்ளே இன்னும் தாழ்வாகத்தான் இருந்திருக்கும், ஆகவே பாய்ச்சல் உள்நோக்கி. பிறகு வெளிமட்டம் இறங்க ஆரம்பிக்கிறது, ஆனாலும் உள்மட்டத்தைவிட உயரமாகத்தான் இருக்கிறது, ஆகவே இன்னும் உள்நோக்கி. இறங்கும் வெளியும் ஏறும் உள்ளும் எந்தக் கணத்தில் ஒரே மட்டத்துக்கு வருகின்றனவோ அப்போதுதான் நிற்கும். நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் பார்த்திருக்கலாம், எனக்கே வருத்தமாக இருக்கிறது.

வேகத்துக்கு வருவோம். மட்ட வித்தியாசம்தான் எல்லாம். இரண்டு பக்கமும் 1 மீட்டர் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகம் வரும், மேலிருந்து விழும் பொருளுக்கான அதே கணக்குதான். 2 மீட்டர் வித்தியாசத்துக்கு மணிக்கு 22 கி.மீ., கப்பல்காரர்களின் வேக அலகில் கிட்டத்தட்ட 12 நாட். ஸ்கூகும்சக்கில் பெரிய ஓத நாட்களில் வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டும். 16 நாட் என்று பலகைகளிலும் கையேடுகளிலும் போடுகிறார்கள், அதற்கு 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டியிருக்கும் என்பதால் அந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். நார்வேயில் பூடோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சால்ட்ஸ்ட்ராமன் நீரிணைக்கு 20 நாட் என்றே எழுதுகிறார்கள், அங்கேயும் மட்ட வித்தியாசம் 1 மீட்டர் என்றும் அவர்களே எழுதுகிறார்கள், இரண்டையும் நான் சேர்த்து ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் 12 நாட் என்பதைக் குறைவாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடும் கடல்நீர் ஒரு பொருளைத் தள்ளும் தள்ளல், மணிக்கு 290 கி.மீ. காற்று தள்ளுவதற்குச் சமம். நாம் மெதுவாக ஓடும் வேகம்தான் 10 கி.மீ.! உங்கள் மரக்கட்டைக்கு என்ன நடந்தது என்று இப்போது புரியும். நடுவில் பாயும் நீருக்கும் கரையோரம் திரும்பி ஓடும் நீருக்கும் இடையில் உள்ள உராய்வில்தான் சுழிகள் பிறக்கின்றன, அதனால்தான் எல்லாமே அந்த எல்லைக்கோட்டில் வரிசையாக வந்திருக்கும். நடுநடுவே எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பாக ஒரு வட்டம் மேலே பொங்கி விரிவதைப் பார்த்தீர்களா? அது அடியில் பாறை விளிம்பில் மோதி மேலே எழும்பும் தண்ணீர். எனக்குச் சுழியைவிட அதுதான் அழகு.

அடுத்த முறை ஓத அட்டவணை பார்க்காதீர்கள், நீரோட்ட அட்டவணை என்று கனடா நீரியல் சேவை தனியாக வெளியிடுகிறது, அதில் சீஷெல்ட் ரேபிட்ஸ் என்ற பெயரில் தேடுங்கள். நிற்கும் நேரம், உச்ச வேகம், அது வரும் நேரம் எல்லாம் இருக்கும். இந்தக் கரையில் ஒரே நாளில் வரும் இரண்டு ஓதங்களும் சமமாக இருப்பதில்லை, ஒன்று பெரியது, ஒன்று சிறியது, ஆகவே காலையில் சுமாராக இருந்த இடம் மாலையில் வேறு முகம் காட்டும்.

கடலோடி:

மேலே தம்பி சொன்ன கணக்கை நாங்கள் உடம்பால் படித்தோம். கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்த காலத்தில் வான்கூவரிலிருந்து வடக்கே போகும்போது சீமோர் நாரோஸ் என்ற நீரிணை வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், கேம்பல் ரிவருக்குக் கொஞ்சம் மேலே. பயணத் திட்டம் போடும்போது மற்ற இடங்களில் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கும், இங்கே மட்டும் சீமோரில் தண்ணீர் நிற்கும் நேரத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவோம். சீக்கிரம் வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்துத் தவழ வேண்டும், தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். அலாஸ்கா போகும் உல்லாசக் கப்பல்கள் வான்கூவரில் மாலையில் கிளம்பி நள்ளிரவு வாக்கில் இதைக் கடக்கும், பயணிகள் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். உச்ச வேகம் 15 நாட் என்று எழுதியிருக்கிறது. அப்படி ஒரு நேரத்தில் உள்ளே போக, கப்பலுக்கு வழிகாட்டும் எந்த பைலட்டும் சம்மதிக்க மாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

ரிப்பிள் ராக் கதை தெரியுமா? இந்த நீரிணையின் நடுவிலேயே இரட்டைச் சிகரத்தோடு ஒரு பாறை இருந்தது, தாழ் ஓதத்தில் அதன் உச்சி தண்ணீருக்குக் கீழே 3 மீட்டர்கூட இல்லை. 1792-இல் இந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவரே இந்த நீரைத் திட்டி எழுதியிருக்கிறார். 1875-இல் சாரனாக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதில் மோதி மூழ்கியது, அதன்பிறகு பெரியதும் சிறியதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் சேதமாயின, அல்லது மூழ்கின, குறைந்தது 110 பேர் இறந்தார்கள். வெடிவைத்துத் தகர்க்கலாம் என்று 1943-இல் ஒரு மிதவையைப் பாறைக்கு மேலே எஃகு வடங்களால் கட்டி நிறுத்தி, துளை போடப் பார்த்தார்கள். நீரோட்டம் வடங்களை அறுத்துக்கொண்டே இருந்தது. 1945-இல் தலைக்கு மேலே கரைக்குக் கரை வடம் இழுத்து அதில் மிதவையைக் கட்டினார்கள், அதுவும் சரிப்படவில்லை.

கடைசியில் செய்ததை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. தண்ணீரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மாட் தீவில் 170 மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் குழி இறக்கி, அங்கிருந்து கடலடியில் 700 மீட்டருக்கு மேல் குறுக்கே சுரங்கம் வெட்டி, அப்புறம் பாறையின் வயிற்றுக்குள் மேல்நோக்கி ஏறினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மூன்று ஷிப்ட் வேலை. தலைக்கு மேலே அந்த ஆறு ஓடிக்கொண்டிருக்க, கீழே மனிதர்கள் துளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுமார் 1,270 டன் வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரல் 5 காலை 9.31-க்கு வெடித்தார்கள், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தண்ணீரும் கல்லும் 300 மீட்டர் உயரம் எழும்பியது. அணு குண்டு அல்லாத, போர்க்காலம் அல்லாத வெடிப்புகளில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. இப்போது உச்சிக்கு மேல் 13 மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. பாறைதான் போனது, நீரோட்டம் அப்படியே இருக்கிறது, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் நின்றால் கப்பலின் மூக்கு தானாக ஒரு பக்கம் நகர்வது கால்வழியாகத் தெரியும். மகனுக்கு அந்த வெடிப்பின் பழைய படச்சுருளைக் காட்டுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. கேம்பல் ரிவர் பக்கம் ரிப்பிள் ராக் பாதை என்று ஒரு நடைபாதையும் உண்டு, அதன் முடிவில் மேலிருந்து அந்த இடத்தைப் பார்க்கலாம்.

மண்டபத்தான்:

இதைப் படித்ததும் எங்கள் பாம்பன் கால்வாய் ஞாபகம் வந்தது. பாலத்துக்குக் கீழே ஓட்டம் பிடித்துக்கொண்டால் விசைப்படகே திணறும். அதுவும் இதே காரணம்தானா, அண்ணா?

ஓதக்கணக்கு:

பாதி மட்டும் அதே காரணம். மட்ட வித்தியாசம் இருந்தால் ஓடும் என்பது அங்கேயும் உண்மைதான். ஆனால் பாம்பனில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 1 மீட்டர்கூட வராது, அங்கே பெரிய கை காற்றுக்கும் பருவத்துக்கும்தான். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து மன்னார் வளைகுடாவுக்கும், தென்மேற்குப் பருவத்தில் அதற்கு எதிராகவும் இழுக்கும். உங்கள் ஊர்க்காரர்கள் மாதத்தை வைத்துச் சொல்வதை இவர்கள் மணியை வைத்துச் சொல்கிறார்கள்.

முக்குளி:

தண்ணீருக்கு மேலே இருப்பதை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், கீழே இருப்பதை நான் சொல்கிறேன். இந்தக் கரையில் பத்து வருடமாக டைவிங் செய்கிறேன், இப்படி ஓட்டம் உள்ள இடங்களில்தான் பாறையில் ஒரு விரல் வைக்கக்கூட இடம் இருக்காது. கடற்சாமந்தி, கடற்பஞ்சு, கொட்டலசு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் உயிருக்கு இரை தேடிப் போக வழியில்லை, இங்கே ஒரு நாளில் நான்கு முறை இரை தானாகவே வாசலுக்கு வருகிறது. வடக்கே நக்வாக்டோ என்று ஒரு நீரிணை, 14 நாட்டுக்கு மேல் ஓடும், நடுவில் ஒரு குட்டித் தீவு. ஓட்டத்தில் அந்தத் தீவே அதிர்கிறது என்று நடுங்கும் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அங்கே வந்துபோகும் படகுக்காரர்கள் தங்கள் படகின் பெயரைப் பலகையில் எழுதி மரங்களில் ஆணியடித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தீவின் அடியில் உதடு சிவந்த கழுத்து நீண்ட கொட்டலசுகள் கொத்துக்கொத்தாக இருக்கும், டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே இரண்டு நாள் படகில் போகலாம்.

நாங்கள் இறங்குவது ஓட்டம் சாகும் சமயத்தில், நின்று திரும்புவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அட்டவணை ஒரு நேரம் சொல்லும், ஆனால் காற்றும் மழைநீரும் அதைக் கொஞ்சம் முன்பின் தள்ளிவிடும், ஆகவே நாங்கள் கெல்ப் பாசியைப் பார்ப்போம். பாய்ச்சல் வலுவாக இருக்கும்போது அதன் உருண்டைத் தலை தண்ணீருக்கு அடியில் இழுபட்டுக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. ஓட்டம் தளரத் தளர ஒவ்வொன்றாக மேலே வரும். கரைநடை, நீங்கள் மகனோடு மறுபடி போனால் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு அதைப் பாருங்கள். பாறை விளிம்புக்குப் போக வேண்டாம், ஈரப்பாசி வழுக்கும், அந்தத் தண்ணீரில் விழுந்தவரை யாராலும் எட்டிப் பிடிக்க முடியாது.

கரைநடை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கண்மாய் மதகை அவனுக்கு வாளியும் துளை போட்ட டப்பாவும் வைத்து குளியலறையில் செய்து காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டான். ரிப்பிள் ராக் படத்தை ஏழெட்டு முறை பார்த்துவிட்டான்.

நேற்று மறுபடி போனோம். நீரோட்ட அட்டவணையில் 2.10 என்று இருந்தது, 1 மணிக்கே போய் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்தோம். அலை கட்டி நின்ற இடத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுடன் நாலைந்து பேர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள், அலை ஓரிடத்தில் நிற்கிறது, தண்ணீர் அதன் வழியாக ஓடுகிறது, அவர்கள் அதன் முதுகில் அசையாமல் நிற்கிறார்கள். அப்புறம் அலை தாழ்ந்து போயிற்று, அவர்களும் கரையேறினார்கள். சத்தம் எப்போது குறைந்தது என்று சொல்ல முடியவில்லை, ஒரு கட்டத்தில் காட்டில் குருவி கத்துவது கேட்டது. முதல் கெல்ப் தலை 1.50-க்கு வந்தது, அவன்தான் முதலில் பார்த்தான். பதினொன்று வரை எண்ணினான். எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன, பிறகு நேராக நின்றன, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான், பிறகு ஒன்று மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்தது.