நியூஹேவன் மீன்காரிகள் படம் மாதிரி உப்புப் பிரிண்ட்: முகம் ஏன் கறுத்துப் போகிறது?

பொங்கோல்வாசி:
ஹில், ஆடம்சன் என்ற இரண்டு ஸ்காட்லாந்துப் படப்பிடிப்பாளர்கள் 1840களில் எடின்பரோ பக்கம் நியூஹேவனில் எடுத்த மீன்காரிகள் படங்களின் சாயலில், இங்கே சிங்கப்பூர் ஈரச்சந்தை மீன்கடை அக்காக்களை எடுத்து உப்புப் பிரிண்ட் (உப்பும் வெள்ளியும் ஏற்றிய காகிதத்தில் வெயிலில் போடும் அச்சு) போடுகிறேன். படம் டிஜிட்டல், நெகட்டிவ் பிளாஸ்டிக் தாளில். கண் குழியாகக் கறுக்கிறது, காகிதத்தில் பழுப்புத் திட்டு, ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போட்டதும் வெளிறிவிடுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. எங்கே பிழை?

வெள்ளிக்கறை:
எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? எடின்பரோவில் நடுக்கோடை உச்சியிலும் சூரியன் 58 டிகிரிக்கு மேல் ஏறாது, எப்போதும் சாய்வு வெளிச்சம்தான். இங்கே மதியம் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே நிற்கும்; புருவ நிழல் கண்ணை விழுங்கிவிடும். ஒன்பது மணிக்குச் சுமார் 30 டிகிரி. எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் எடுங்கள்.

இன்னொன்று. ஹில்லும் ஆடம்சனும் நெகட்டிவுக்குப் பயன்படுத்திய கலோடைப் காகிதம் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும்தான் மசியும். சிவப்பு கறுக்கும், நீலம் வெளிறும். அதற்காக டிஜிட்டல் படத்தின் நீலச் சேனலை (நீல வெளிச்சப் பதிவை) மட்டும் எடுத்தால் நம் மாநிற முகம் கரியாகிவிடும், ஏனென்றால் மாநிறம் நீலத்தைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். மூன்றில் ஒரு பங்கு பச்சை கலந்துவிடுங்கள். பழைய முறையை அச்சுப்பிசகாமல் செய்யவேண்டும் என்பவர்கள் திட்டினால் திட்டட்டும்.

அந்த நியூஹேவன் பெண்கள் சுவரில் சாய்வதும், தோளில் கை போடுவதும், கூடையில் கையூன்றுவதும் அழகுக்கு மட்டுமல்ல. கலோடைப்பில் நல்ல வெயிலிலும் அசையாமல் நிற்கவேண்டிய நேரம் நிமிடக் கணக்கில் போகும். இருநூறில் ஒரு வினாடியில் எடுத்தால் அந்த நிலை வராது. வெளிச்சத்தைக் குறைக்கும் இருள் ஃபில்டரை லென்ஸில் போட்டு 20 வினாடி நிற்கவையுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு முட்டுக் கொடுத்து.

உப்புக்காகிதம்:
திட்டுக்குக் காரணம் ஈரம். காகிதம் சரியாகக் காயாமல் நெகட்டிவில் ஒட்டினால் வெள்ளி அதில் ஏறிக் கறை விடும். குளிர்காற்றில் உலர்த்திவிட்டு, நடுவே மெல்லிய பாலியஸ்டர் தாள் வையுங்கள்.

அளவு: சாதா உப்பு 2%, ஜெலட்டின் 1%, மூன்று நிமிடம் ஊறட்டும். அயோடின் கலந்த உப்பு வேண்டாம். காய்ந்தபின் சில்வர் நைட்ரேட் 12%, காய்ச்சி வடித்த நீரில் மட்டும். இந்த வெப்பத்தில் பூசிய காகிதம் சில மணி நேரத்தில் மஞ்சளாகும்; சிட்ரிக் அமிலம் 2% சேர்த்தால் தாமதமாகும். கால்சியம் கார்பனேட் கலந்த காகிதமாக இருந்தால் முதலில் சல்பாமிக் அமிலத்தில் கழுவாமல் தொடாதீர்கள், புள்ளி புள்ளியாக வரும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

வெளிறுவது இயல்பு. ஹைப்போ கொஞ்சம் தின்னும், ஆகவே நிழல் பகுதி வெண்கல மினுக்கு காட்டும்வரை வெயிலில் வையுங்கள். ஹைப்போ 10%, நான்கு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு ஒரு மணி நேரம் கழுவல்.

பொங்கோல்வாசி:
நன்றி அண்ணே. உப்பு, அயோடின் கலந்ததுதான்! ஆனால் பிளாஸ்டிக் நெகட்டிவில் எல்லாம் கூர்மையாக வருகிறதே, அந்த மென்மை?

வெள்ளிக்கறை:
அது காகித நாரின் வேலை. ஹில்லுக்கே அந்தச் சொரசொரப்பு பிடித்திருந்தது. மெல்லிய தாளில் நெகட்டிவை அச்சிட்டு, பின்பக்கம் தேன்மெழுகு தடவி இஸ்திரிப் பெட்டியால் இளஞ்சூட்டில் உருக்கி ஏற்றுங்கள். வெயில் நேரம் பல மடங்கு கூடும். இந்த வெப்பத்தில் காகித நெகட்டிவ் ஆகாது என்பவர்களிடம், 1858இல் லினியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் மதுரையையும் தஞ்சாவூரையும் எதில் எடுத்தார் என்று கேளுங்கள்.